சுத்தமாக இருந்த ஒரே சுவர்

என் மனைவி தாதியாக வேலை செய்கிறாள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கான ஆறு மாதப் பயிற்சிக்கு அவளைத் தெரிவு செய்திருப்பதாகக் கடிதம் வந்தபோது, அதை இரண்டு நாள் கைப்பைக்குள்ளேயே வைத்திருந்தாள். மூன்றாம் நாள், பிள்ளைகள் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த நேரம் பார்த்து என்னிடம் காட்டினாள். பயிற்சி கொழும்பில். தங்குமிடம் அவர்களே தருவார்கள். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. மகனுக்கு நான்கரை.

"இந்த முறை போகாமல் விடவும் ஏலும். பிறகும் கேப்பினம்," என்றாள்.

"ஏன் விடுவான்? நீர் போயிட்டு வாரும். வீட்டை நான் பாக்கிறன்," என்றேன்.

யோசிக்காமல் சொன்னேன். அது பெருந்தன்மை என்று அவள் நினைத்திருக்கக்கூடும். உண்மை அதுவல்ல. வீட்டு வேலை என்பது பெரும்பாலும் தானாகவே நடந்துவிடும் ஒரு விஷயம், இடையிடையே யாராவது கைகொடுத்தால் போதும் என்றுதான் நான் நம்பியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் வாங்கி வருவது நான். காஸ் சிலிண்டர் மாற்றுவது நான். காலையில் பிள்ளைகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போவதும் நான். யாராவது கேட்டிருந்தால் வீட்டு வேலையில் பாதி என்னுடையது என்று கூசாமல் சொல்லியிருப்பேன்.

போவதற்கு முதல் நாள் அவள் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதத் தொடங்கினாள். என்ன எழுதுகிறாள் என்று கேட்டேன். என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைக்கிறாளாம்.

"பன்னிரண்டு வருசமா இந்த வீட்டிலதானே இருக்கிறன். எனக்குத் தெரியாதே?" என்றேன்.

அவள் கொப்பியை மூடி வைத்தாள்.

நாங்கள் இருப்பது கொழும்பிலிருந்து ஓர் இரவு ரயில் தூரத்தில், அன்புவழிபுரத்தில். என் பெற்றோர் இப்போது இல்லை. அவளுடைய பெற்றோர் மகனோடு கனடாவில் இருக்கிறார்கள். அவளுடைய அக்கா பாலையூற்றில் இருக்கிறார். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு போய், நான் வேலை முடிந்து வரும்வரை வைத்திருக்க அவர் ஒத்துக்கொண்டார். சமையலும் தானே செய்து தருவதாகச் சொன்னார். அது வேண்டாம், நான் சமாளிப்பேன் என்றேன். இரண்டாம் தடவையும் கேட்டார். இரண்டாம் தடவையும் வேண்டாம் என்றேன்.

என் வேலை துறைமுகத்தை ஒட்டிய ஓர் அலுவலகத்தில். வந்து போகும் கப்பல்களுக்கான பத்திரங்களைத் தயாரிப்பது. கப்பல் எப்போது வரும் என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள். சொன்ன நேரத்துக்கு அது வருவது குறைவு. பிந்தினாலும் முந்தினாலும் எங்கள் நேரம் அதோடு சேர்ந்து நகரும். மனைவி இருந்த காலத்தில், "இண்டைக்குப் பிந்தும்" என்று ஒரு கோல் எடுத்தால் போதும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் வீட்டில் என்னென்ன மாற வேண்டியிருந்தது என்று நான் யோசித்ததில்லை.

முதல் வாரம் நன்றாகவே போனது. அவள் சமைத்துக் குளிரூட்டியில் வைத்துவிட்டுப் போன கறிகள் இருந்தன. அலுமாரியில் தோய்த்து, இஸ்திரி போட்டு மினுக்கிய உடுப்புகள் இருந்தன. நான் நன்றாகச் செய்கிறேன் என்று எனக்கே தோன்றியது. அவள் விட்டுப்போன வேலையைத்தான் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டும் உடுத்திக்கொண்டும் இருந்தோம் என்பது அது முடிந்த பிறகுதான் தெரிந்தது.

இரண்டாம் வாரம் மகளின் வெள்ளைச் சீருடைகள் மூன்றும் என் நீலக் காற்சட்டையோடு மெசினுக்குள் போய், மங்கலான நீலமாக வெளியே வந்தன. அவள் அழவில்லை. வெயிலில் காய்ந்தால் வெளுத்துவிடுமா என்று கேட்டாள். வெளுக்கும் என்றேன். வெளுக்கவில்லை. புதிது வாங்கும்வரை மூன்று நாள் அந்த நிறத்திலேயே போய்வந்தாள்.

மூன்றாம் வாரம் ஒரு திங்கட்கிழமை காலை, மகனின் புத்தகப்பையைத் திறந்தபோது வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுப் பெட்டி உள்ளே இருந்தது. பெட்டியைத் திறக்காமலே என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்தது. எறும்புகள் பையின் தையல்களுக்குள் எல்லாம் புகுந்திருந்தன. அன்று அவன் கடைப் பை ஒன்றில் பணிஸ் ஒன்றும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டு பாலர் பாடசாலைக்குப் போனான். அதே கிழமை, ஏதோ குறிப்பு எழுதுவதற்காக மனைவி மூடிவைத்த கொப்பியை எடுத்தேன். அதில் ஒரே ஒரு வரி இருந்தது. 'வெள்ளி பின்னேரம் சாப்பாட்டுப் பெட்டிகளைப் பையிலிருந்து எடுக்க.' அந்த வரி வரைக்கும்தான் நான் அவளை எழுத விட்டிருக்கிறேன்.

வேலைகள் கடினமானவை அல்ல. இதைச் சொல்ல வேண்டும். சோறு போடுவது, பருப்புக் காய்ச்சுவது, கோப்பைகளைக் கழுவுவது, தும்புத்தடியால் கூட்டுவது, இவற்றில் எதுவும் எனக்குத் தெரியாததல்ல. ஒவ்வொன்றாகப் பார்த்தால் பத்து நிமிட வேலை. ஆனால் அவை ஒவ்வொன்றாக வருவதில்லை. சோறு அடுப்பில் இருக்கும்போது மகனுக்கு மலசலகூடம் போக வேண்டும். அவனைக் கழுவிக்கொண்டிருக்கும்போது மகளுக்கு நாளைக்கு ஓவியப் பாடத்துக்கு மட்டை வேண்டும். மட்டை வாங்கக் கடைக்குப் போய் வரும்போது, காயப்போட்ட உடுப்பு மழையில் நனைந்துகொண்டிருக்கும். நான் எந்த ஒரு வேலையையும் முடித்ததாக நினைவில்லை. தொடங்கியவை மட்டும் நினைவிருக்கின்றன.

உடுப்புகள் கதிரைகளில் ஏறின. கழுவியது ஒரு கதிரையில், கழுவாதது இன்னொன்றில் என்றுதான் தொடக்கத்தில் ஒழுங்கு இருந்தது. பிறகு இரண்டும் கலந்துவிட்டன. காலையில் மகள் ஒவ்வொன்றையும் மணந்து பார்த்து எடுப்பாள்.

ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஏழு மணிக்கு மனைவி வீடியோ கோல் எடுப்பாள். அதற்கு எங்களிடம் ஒரு சுவர் இருந்தது. முன்கூடத்தின் கிழக்குப் பக்கச் சுவர், இளநீலம் பூசியது. அதன் முன்னால் நீளக் கதிரை ஒன்று. அந்தக் கதிரையில் மட்டும் நாங்கள் எதையும் போடுவதில்லை. ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால் நான் முகம் கழுவி, நல்ல சேட் ஒன்றைப் போட்டுக்கொண்டு, பிள்ளைகளை இருபக்கமும் இருத்திக்கொள்வேன். அவள் பார்க்கும் திரையில் ஒரு சுத்தமான சுவரும், தலைவாரிய இரண்டு பிள்ளைகளும், சிரித்த முகத்தோடு ஒரு தகப்பனும் தெரிவார்கள்.

இப்படிச் செய்ய வேண்டும் என்று நான் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை. மகள் தானாகவே புரிந்துகொண்டாள். ஒரு தடவை மகன் போனைப் பறித்துக்கொண்டு, "அம்மா, எங்கட பூனைக்குட்டியைப் பாருங்கோ," என்று குசினிப் பக்கம் ஓடினான். மகள் பின்னால் ஓடிப்போய் விரலால் கமராவை மூடி, "பூனை போயிட்டுது," என்று சொல்லித் திருப்பிக் கொண்டுவந்தாள். நான் அவளைப் பார்த்துத் தலையசைத்தேன். கெட்டிக்காரி என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

மனைவியும் நிறையக் கேட்கமாட்டாள். "சாப்பிட்டனீங்களா? என்ன கறி? வீட்டுப்பாடம் முடிஞ்சுதா?" என்பாள். எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருக்கும். பயிற்சி கடினம் என்று ஒரு நாளும் அவள் சொன்னதில்லை. நானும் அதைக் கேட்டதில்லை. கேட்டால் அவளும் திருப்பிக் கேட்பாள்.

இரண்டாம் மாதக் கடைசியில், குழாய் திருத்த வேலையால் எங்கள் பக்கம் இரண்டு நாள் தண்ணீர் வரவில்லை. அண்டாவில் பிடித்துவைத்த தண்ணீர் குளிப்பதற்கும் குடிப்பதற்கும் போனது. கோப்பை, சட்டி எல்லாம் குசினித் தொட்டிக்குள் அடுக்காகக் கிடந்தன. தோய்க்க வேண்டிய உடுப்பை எல்லாம் குசினி நிலத்தில் குவித்திருந்தேன். தண்ணீர் வந்ததும் முதல் வேலையாகத் தோய்க்கலாம் என்று எண்ணம்.

வெள்ளிக்கிழமை காலை தண்ணீர் வருகிறதா என்று குசினிக் குழாயைத் திறந்து பார்த்தேன். காற்றுத்தான் வந்தது. அதே நேரம் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. பின்னேரம் வர வேண்டிய கப்பல் வெளித் துறைமுகத்தில் வந்து நிற்கிறதாம். பிள்ளைகளை அவசரமாக ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். குழாயை மூடவில்லை.

அன்று வேலை முடிய ஐந்து மணி ஆகிவிட்டது. பாலையூற்றுக்குப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து வீட்டைத் திறந்தபோது தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. தொட்டியின் ஓட்டையைக் கோப்பை ஒன்று அடைத்திருந்தது. தொட்டி நிரம்பி வழிந்து, குசினி முழுக்கக் கணுக்காலுக்குக் கீழே தண்ணீர் நின்றது. உடுப்புக் குவியல் அதில் ஊறிக்கொண்டிருந்தது. மூலையில் சாத்தி வைத்த அரிசிப் பையின் அடிப்பாதியும் நனைந்திருந்தது. சோற்றுப் பருக்கைகளும் வெங்காயத் தோலும் மிதந்தன.

நான் குழாயை மூடினேன். பின்கதவைத் திறந்தேன். தண்ணீர் படியால் இறங்கி முற்றத்துக்கு ஓடத் தொடங்கியது. அந்தப் படியில் இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை விளக்குவது கடினம். எனக்குக் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. எழுந்து முதலில் அரிசியைத் தூக்குவதா, உடுப்பைப் பிழிவதா, நிலத்தைக் கூட்டுவதா என்று யோசித்தேன். மூன்றுக்கும் காரணம் இருந்தது. எதைத் தேர்ந்தாலும் மற்ற இரண்டும் பிழையாகத் தெரிந்தன. அப்படியே இருந்தேன். முற்றத்தில் வெளிச்சம் குறைந்துகொண்டு போனதைப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. என் காற்சட்டை நனைந்திருந்தது தெரிந்தும் எழுந்துகொள்ள ஏலவில்லை.

மகள் குசினி வாசலில் வந்து நின்றாள். "அப்பா, என்ன சமைக்கிறது?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. அவள் இன்னொரு தடவை கேட்கவில்லை. தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்க் கட்டிலில் ஏற்றி, பிஸ்கட் பெட்டியைக் கையில் கொடுத்து, "இறங்காத, வழுக்கும்," என்று சொன்னது கேட்டது. பிறகு தும்புத்தடியை எடுத்துவந்து, என்னைச் சுற்றி நின்ற தண்ணீரைப் படி வழியாகத் தள்ளினாள். தள்ளும்போது என் முதுகில் தண்ணீர் தெறித்தது. "சொறி அப்பா," என்றாள்.

எவ்வளவு நேரம் போனது என்று நான் பார்க்கவில்லை. அவள் என் தோளில் தட்டி, "அப்பா, அம்மா எடுக்கிற நேரமாகுது. சேட்டை மாத்துங்கோ," என்றாள்.

நான் எழுந்தேன். சேட்டை மாற்றினேன். தலையை வாரினேன். நீலச் சுவரின் முன்னால் போய் இருந்தேன். இடுப்புக்குக் கீழே ஈரக் காற்சட்டை. ஒன்றரை மணித்தியாலமாக எழும்ப ஏலாமல் இருந்தவன் அதற்கு மட்டும் எழும்பினேன்.

"என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று மனைவி கேட்டாள்.

"புட்டும் மீன் குழம்பும்," என்றாள் மகள், கண் இமைக்காமல்.

கோல் முடிந்ததும் சந்திக்குப் போய்க் கொத்துரொட்டி வாங்கிவந்தேன். மூவரும் அந்த நீளக் கதிரையிலேயே இருந்து சாப்பிட்டோம். வேறு கதிரை காலியாக இல்லை.

அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் கிண்ணியாவைச் சேர்ந்தவர். என் வயதுதான். ஒவ்வொரு நாளும் மோட்டார் சைக்கிளில் கிண்ணியாப் பாலத்தால் வந்து போவார். திங்கட்கிழமை மத்தியானம் என் சாப்பாட்டுப் பெட்டியில் வெறும் பாணும் வாழைப்பழமும் இருந்ததைப் பார்த்துவிட்டு, தன் பெட்டியிலிருந்த இறால் பொரியலில் பாதியை என் பக்கம் தள்ளினார். அவருடைய மனைவி நாலு வருடம் குவைத்தில் இருந்தவர் என்பது எனக்குத் தெரியும். அந்த நாலு வருடமும் மூன்று பிள்ளைகளோடு அவர் எப்படி இருந்தார் என்று நான் கேட்டதில்லை. அன்று கேட்டேன்.

"எப்பிடி மச்சான் சமாளிச்ச?"

"யாரு சமாளிச்ச? நானா?" என்று சிரித்தார். "முதல் வருசம் ஒண்டும் சமாளிக்கல்ல. புள்ளயள்ற தலையில பேன். வீட்டில கரப்பான். பொறவு ஒரு நாள் முடிவெடுத்தன். ஒரு நாளைக்கு ரெண்டு விசயம் மட்டும் செய்யிற. சோறு ஒண்டு. அடுத்த நாள் பள்ளிக்குப் போடுற உடுப்பு ஒண்டு. அது ரெண்டும் முடிஞ்சா அந்த நாள் முடிஞ்ச. மிச்சம் கிடக்கட்டும்."

"மிச்சம் கிடந்தா அழுக்குத்தானே?"

"அழுக்குத்தான்," என்றார். "ஆனா புள்ளயள் பசியோட போகல்ல, வெக்கப்பட்டுக்கொண்டும் போகல்ல."

பிறகு, தன் மனைவி திரும்பி வந்தபோது நடந்ததைச் சொன்னார். வந்து மூன்றாம் நாள் அவள் குசினியில் நின்று அழுதாளாம். மிளகாய்த்தூள் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. மூத்த மகன் எடுத்துக் கொடுத்திருக்கிறான். "என்ட ஊட்டில நான் விருந்தாளி போல நிக்கிறன்," என்று சொல்லி அழுதாளாம்.

"நான் எல்லாம் சரியா வந்திட்டெண்டு சந்தோசமா இருந்தன் மச்சான். அவள் அழுவாளெண்டு நினைக்கல்ல," என்றார்.

அன்றிலிருந்து நானும் இரண்டு விஷயம் என்று வைத்துக்கொண்டேன். சோறு, அடுத்த நாள் உடுப்பு. கொஞ்சம் இலகுவானது உண்மை. கதிரைகள் அப்படியே இருந்தன. குசினி நிலத்தில் தண்ணீர் நின்ற இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு படிந்திருந்தது. ஏழு மணிக்குச் சுவரின் முன்னால் இருப்பதும் தொடர்ந்தது.

மூன்று கிழமை கழித்து வெள்ளிக்கிழமை பௌர்ணமி, போயா விடுமுறை. வர ஏலாது, விடுப்பு இல்லை என்று மனைவி சொல்லியிருந்தாள். காலை ஆறரை மணிபோல் வாசலில் ஓட்டோ நின்றது. நான் வீட்டில் கட்டும் சாரத்தோடு கதவைத் திறந்தேன். இரவு ரயிலில் வந்த களையோடு அவள் நின்றாள்.

"விடுப்புக் கிடைச்சுது," என்றாள்.

நான் வழிவிட்டு நின்றேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். முன்கூடம், பிள்ளைகளின் அறை, குசினி, குளியலறை என்று வரிசையாகப் போய்ப் பார்த்தாள். நான் பின்னால் போனேன். "தண்ணி ரெண்டு நாள் வரேல்ல," என்றேன். அது நடந்து மூன்று கிழமை. "கப்பல் ஒண்டு முந்திட்டுது," என்றேன். குசினி நிலத்திலிருந்த கோட்டைக் கால் பெருவிரலால் ஒரு தடவை தேய்த்துப் பார்த்தாள். பிறகு வந்து, ஒரு கதிரையிலிருந்த உடுப்பை அப்படியே அள்ளி நிலத்தில் வைத்துவிட்டு அதில் இருந்தாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"பிள்ளை அக்காவின்ர போனில இருந்து எனக்கு எடுத்தவள். அந்த வெள்ளிக்குப் பிறகு வந்த திங்கள். அப்பா குசினிப் படியில இருந்தவர், கூப்பிட்டும் பேசேல்ல, ஏதும் வருத்தமோ காய்ச்சலோ தெரியேல்ல எண்டு கேட்டவள். உங்களிட்டச் சொல்ல வேண்டாமெண்டும் சொன்னவள். அண்டைக்கே விடுப்புக் கேட்டனான். இப்பத்தான் தந்தவை."

அந்த மூன்று கிழமையும் ஒவ்வொரு நாளும் ஏழு மணிக்கு நான் அவளுக்குச் சுவரைக் காட்டினேன். அவள் என்ன கறி என்று கேட்டாள். மகள் நடுவில் இருந்துகொண்டு கறியின் பெயரைச் சொன்னாள். மூன்று பேருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும், அவளுக்குத் தெரியும் என்பது தெரியவில்லை.

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?" என்று அவள் கேட்டாள்.

"நீர் அங்க இருந்து என்ன செய்யப்போறீர்? படிப்பை விட்டிட்டு வருவீர்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிக்கிறாளா என்று பார்த்தேன். சிரிப்பு மாதிரித்தான் தொடங்கியது.

"நானும் இப்பிடித்தான்," என்றாள். "நீங்கள் வேலையால வாறதுக்கு அரை மணித்தியாலம் முந்தி, கிடக்கிறது எல்லாத்தையும் அள்ளி அந்தச் சாமான் அறைக்குள்ள எறிஞ்சுபோட்டுக் கதவைச் சாத்துவன். நீங்கள் வந்து கூடத்தில இருந்து தேத்தண்ணி குடிப்பீங்கள். உங்களுக்கு வீடு எப்பவும் துப்பரவு. சில நாளில குளிக்கப்போறன் எண்டு சொல்லிக் குழாயைத் திறந்துவிட்டிட்டு உள்ள சும்மா இருந்திருக்கிறன். பத்து நிமிசம் ஒருத்தரும் கூப்பிடாமல் இருக்கட்டும் எண்டு."

"எனக்குத் தெரியாது," என்றேன்.

"தெரியக்கூடாதெண்டுதானே செய்தனான்."

பன்னிரண்டு வருடத்தில் அந்த அறைக் கதவு ஏன் எப்போதும் சாத்தியிருக்கிறது என்று நான் ஒரு தடவையும் கேட்டதில்லை. அதை அன்று அவளிடம் சொல்லவும் இல்லை.

அவள் இப்போது எழுந்து சேலையைச் செருகிக்கொண்டு வீட்டைத் துப்பரவாக்கத் தொடங்குவாள் என்று நான் எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தது மட்டுமல்ல, விரும்பவும் செய்தேன். அவள் செய்யவில்லை. "நான் கூட்டிக் கழுவ வரேல்ல," என்றாள். "இண்டைக்கு நான் செய்திட்டுப் போனா வாற கிழமை இது திரும்பவும் இப்பிடித்தான் இருக்கும்." போய்ப் பிள்ளைகளுக்கு நடுவில் படுத்தாள். மகன் விழித்து, அவள் முகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பவும் நித்திரையானான். மகள் விழித்ததும் முதலில் என் முகத்தைத்தான் பார்த்தாள். நான் கோபமாக இருக்கிறேனா என்று. இல்லை என்று காட்டுவதற்காக அவளுடைய காலைப் பிடித்து ஆட்டினேன்.

சனிக்கிழமை எல்லோரும் பாலையூற்றுக்குப் போனோம். அங்கே நான் மனைவியின் அக்காவிடம், கிழமையில் மூன்று நாள் கறி சமைத்துத் தர ஏலுமா என்று கேட்டேன். கேட்பது எனக்கு இலகுவாக இருக்கவில்லை.

"நான் ரெண்டு தரம் கேட்டனான் தம்பி. நீங்கள்தான் வேண்டாமெண்டனீங்கள்," என்றார் அவர்.

"ஓம் அக்கா."

"உறைப்புக் கூடவோ, குறையவோ?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது சல்லிக் கடற்கரைக்குப் போனோம். பிள்ளைகள் இழுத்துப் போட்ட படகுகளுக்கு இடையில் ஓடினார்கள். கருவாட்டு வாடை வந்தது. நாங்கள் இருவரும் மணலில் இருந்து, எதையெல்லாம் விடலாம் என்று பேசினோம். வீட்டில் போடும் உடுப்பை மினுக்குவதை விடலாம். காலையில் சமைப்பதை விட்டுப் பாண் வாங்கலாம். மடிப்பதை விட்டு, ஆளுக்கொரு கூடை வைத்து அதற்குள் போடலாம். "கூடைக்குள்ள போட்டா சுருங்கும்," என்றேன். "சுருங்கட்டும்," என்றாள். அவள் அப்படிச் சொல்வாள் என்று நான் நினைத்திருக்கவில்லை. வீடு அப்படி இருக்க வேண்டும் இப்படி இருக்க வேண்டும் என்று அவள் விரும்புகிறாள் என்றே இவ்வளவு காலமும் எண்ணியிருந்தேன்.

பிறகு அவள் பயிற்சியைப் பற்றிச் சொன்னாள். வகுப்பில் எல்லோரும் தன்னைவிட இளையவர்களாம். முதல் பரீட்சையில் சித்தியடையவில்லையாம். அதை எனக்குச் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனது வீணென்று நான் நினைப்பேன் என்று பயந்தாளாம். இரண்டாம் தடவை எழுதிச் சித்தியடைந்துவிட்டாள்.

"நீரும் அங்க ஒரு சுவர் வச்சிருந்தனீர்," என்றேன்.

"ஓம்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை இரவு ரயிலுக்கு அவளை ஏற்றிவிட்டோம். மகள் ஸ்டேசனில் அழவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அவளிடம், "அண்டைக்கு அம்மாவுக்கு எடுத்துச் சொன்னது நல்லது," என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "இனி அம்மாட்டப் பொய் சொல்லத் தேவையில்லை," என்றேன். "நீங்கள் சொல்லச் சொல்லேல்லயே அப்பா. நான்தான் சொன்னனான்," என்றாள். என்னைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொன்னாளா, உண்மையில் அப்படித்தான் நினைத்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியாது.

மிச்ச மாதங்களில் வீடு பெரிதாகத் திருந்திவிடவில்லை. கதிரைகள் இரண்டு காலியாகின, ஒன்று காலியாகவில்லை. ஏழு மணிக் கோலை நாங்கள் குசினியில் இருந்தே எடுத்தோம். போனைச் சீனிப் போத்தலில் சாத்தி வைப்பேன். நான் வெங்காயம் வெட்டும்போது அவள் பேசுவாள். சில நாள் அவள் படித்துக்கொண்டிருப்பாள், நான் கோப்பை கழுவிக்கொண்டிருப்பேன், யாரும் எதுவும் பேசமாட்டோம். மகன் பூனைக்குட்டியைத் தூக்கிக் காட்டுவான்.

பயிற்சி முடிந்து அவள் நிரந்தரமாகத் திரும்பி வந்த கிழமை, குசினி அலுமாரியை மூன்று தடவை திறந்து மூடினாள். உப்பு வேறு இடத்தில் இருந்தது. தேங்காய்த் துருவி வேறு இடத்தில் இருந்தது. மகள் வாசலில் நின்று, "அம்மா, உப்பு அங்க இல்லை, கீழ்த்தட்டில," என்றாள். மனைவி குனிந்து கீழ்த்தட்டைத் திறந்தாள். எல்லாவற்றையும் பழைய இடத்துக்கு மாற்றுவோமா என்று கேட்டேன்.

"வேண்டாம்," என்றாள். "நான் பழகிறன். நீங்கள் மாத்தி வச்சா நீங்கள் தேடுவீங்கள்."

அவள் அழவில்லை. ஆனால் உப்புப் போத்தலை மட்டும் தன் பழைய இடத்துக்கு மாற்றினாள். நான் இப்போதும் சில நாளில் கீழ்த்தட்டைத்தான் முதலில் திறக்கிறேன்.

புதிய பிரிவில் அவளுக்கு வேலை தொடங்கிய முதல் நாள் சனிக்கிழமை. எனக்கு அலுவலகம் இல்லை. காலை ஆறு மணிக்கு வெள்ளைச் சீருடையோடு புறப்பட்டாள். முன்பெல்லாம் புறப்படும்போது வாசலில் நின்று சொல்லுவாள், மீனை வெளியில எடுத்து வையுங்கோ, சின்னவனுக்குத் தலைக்கு முழுக வாருங்கோ, பிள்ளையின்ர சப்பாத்தைக் காய வையுங்கோ என்று. அன்று கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "போயிட்டு வாறன்," என்றாள். கேட்டைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

நான் மீனை வெளியில் எடுத்து வைத்தேன். மகனுக்குத் தலைக்கு முழுக வார்த்தேன். அவன் கண்ணில் சவர்க்காரம் பட்டு வீடே அதிரக் கத்தினான். அவனைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அடுப்பில் இருந்த சோறு அடிப்பிடித்துவிட்டது. மேலால் எடுத்துச் சாப்பிட்டோம். கொஞ்சம் புகை மணந்தது. மகள் முகத்தைச் சுளித்தாலும் இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டாள். பின்னேரம் வரும்வரை, மீனை எடுத்தீங்களா, முழுக வார்த்தீங்களா என்று கேட்டு அவள் ஒரு கோலும் எடுக்கவில்லை.